ஆடிட்டரை ரயிலேற்றப் போன கதை

ஒரு கம்பெனியில் யாருக்கும் பிடிக்காத வேலைகளையெல்லாம் கூட்டி அள்ளி ஒருத்தன் தலையில் கொட்டும்போது, அவன் ஓடிவிடாமல் இருக்க அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைப்பார்கள். எனக்கு வைத்த பெயர் மேனேஜ்மென்ட் ரெப்ரசென்டேட்டிவ். சுருக்கமாக எம்.ஆர். (கல்யாண வீட்டில் சொன்னால் மருந்துக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு தலைவலி மாத்திரை கேட்பார்கள்.)

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள். சிவகாசியில் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் பிரிவில் நிம்மதியாக இருந்தேன். வடக்கே ஒரு பெரிய கம்பெனி, தரச் சான்றிதழ் இருந்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டது. மதுரையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். அவர் வந்ததும் வேலைகளைப் பங்கு வைத்தார். முதலாளி தரக் கொள்கையில் கையெழுத்துப் போடுவார். ஆலோசகர் சொல்லிக் கொடுப்பார். சென்னையிலிருந்து வரும் ஆடிட்டர் சோதித்துப் பார்ப்பார். “மத்ததெல்லாம் எம்.ஆர்.” என்று என் பக்கம் கையைக் காட்டினார். அந்த மத்தது எம்புட்டு என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு வீட்டில் சோறு தின்றேனா, தூங்கினேனா என்பது என் மனைவிக்குத்தான் தெரியும். ஃபோர்மேனுக்கும் எனக்கும் சண்டை, ஸ்டோர் கீப்பருக்கும் எனக்கும் சண்டை. ‘செஞ்சதையெல்லாம் எழுதி வையுங்க’ என்று நான் வாயைத் திறந்தாலே ஆட்கள் ஒண்ணுக்குப் போகக் கிளம்பிவிடுவார்கள். ஒரே ஒரு ஆறுதல், முதலாளி அண்ணாச்சி கொடுத்த வாக்கு.

“ஏலே காதரு, சான்றிதழ் சுவத்துல தொங்கட்டும். மறுநாளே உன்னய லோடுக்கே அனுப்பிருதேன்.”

எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டியதெல்லாம் இதற்காகத்தான். ஆர்டர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, என்னை விட்டால் போதும்.

தீபாவளி சீசனுக்குச் சற்று முன்பு ஆடிட்டர் வந்தார். ஒல்லியான மனுஷன். டீ குடித்தார், பிஸ்கட்டைத் தொடவில்லை. பரோட்டா வாங்கி வரட்டுமா என்றதற்கு, டிபன் பாக்ஸில் தயிர்ச்சாதம் இருப்பதாகச் சொன்னார். கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். “ஒரு கம்பி மத்தாப்புகூட கேட் பாஸ் இல்லாம வாசலைத் தாண்டாது சார்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும் அவர் திருப்தியாகத் தலையாட்டினார். சாயங்காலம், பெரிய குறை எதுவும் இல்லை, சான்றிதழுக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கிளம்பும்போது அண்ணாச்சி ஒரு கிஃப்ட் பாக்ஸை நீட்டினார். ஆடிட்டர் பின்னால் நகர்ந்தார்.

“வேண்டாம் சார். வாங்கினது தெரிஞ்சா என் வேலையே போயிடும்.”

அண்ணாச்சி என்னைத் தனியாக இழுத்துப் போனார். “சிவகாசிக்கு வந்த மனுசன் வெறுங்கையோட போனா ஊருக்கே கேவலம்லே. பச்சப் பிள்ளைக இருக்கும்லா வீட்டுல. அவருக்குத் தெரியாம பைல வச்சிரு.”

இதுவும் மத்ததில் சேர்த்திதானே. ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டிய தரக் கையேட்டின் நகல்கள் ஒரு துணிப்பையில் இருந்தன. அடியில் பாக்ஸை வைத்து மேலே கையேட்டை அடுக்கினேன். பட்டாசை ரயிலில் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? லோடு அனுப்பிப் பிழைத்தவன் நான். ஆனால் எங்கள் ஊரில் கிஃப்ட் பாக்ஸ் பட்டாசுக் கணக்கில் வராது. அது மரியாதை.

விருதுநகர் ஸ்டேஷனில் பட்டாசுக்காகப் போலீஸின் சீசன் சோதனை நடந்துகொண்டிருந்தது. நான் ஆடிட்டரின் சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். ஏட்டையா ஆடிட்டரின் துணிப்பையைத் தட்டினார்.

“பைல என்ன சார்?”

“தரக் கையேடு” என்றார் ஆடிட்டர், ஜம்மென்று.

ஏட்டையா கையேட்டைத் தூக்கினார். கீழே புஸ்வாணமும் சங்குசக்கரமும் கலர் அட்டையில் சிரித்தன. ஆடிட்டர் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் வேலை என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

“அது நான் வச்சது சார்” என்றேன். குரல் ஆட்டுக்குட்டி போல வந்தது.

“நீங்க யாரு?”

“எம்.ஆர்.”

“மாத்திரை விக்கிற ஆளு எதுக்கு வெடிய வச்சீக?”

விளக்கிச் சொல்லி, அபராதம் கட்டி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. ஏட்டையா பாக்ஸைத் தண்ணீர் வாளியில் அமுக்கினார். ஆடிட்டர் பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவை எடுத்து, என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த பாக்ஸுக்கு கேட் பாஸ் எங்க?”

பெரிய குறை என்று எழுதினார். சான்றிதழ் நின்றுபோனது. ஆலோசகருக்குப் போன் போட்டேன். “நான் சொல்லிக் குடுக்கிறவன் மட்டும்தான் சார்” என்று வைத்துவிட்டார். அண்ணாச்சியோ, “அந்த பாக்ஸயாவது திருப்பி வாங்குனியாலே?” என்று கேட்டார்.

தீபாவளி முடிந்து ஆடிட்டர் மறுபடி வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சரி, சான்றிதழ் தரலாம் என்றார். அல்ஹம்துலில்லாஹ், நாளைக்கு லோடு, என்று நான் நினைத்த நேரத்தில் அவர் அண்ணாச்சியிடம் திரும்பினார்.

“அன்னிக்கு இவர் நைசா நழுவியிருந்தா என் வேலை போயிருக்கும். தப்பு நடந்தா ஓடாம நிக்கிற ஆளு சார் இவர். இவரை மட்டும் மாத்திடாதீங்க.”

“மாத்துவோமா?” என்றார் அண்ணாச்சி. கொடுத்த வாக்கு அதோடு காற்றில் போயிற்று.

உண்மையைச் சொல்கிறேன். அன்று ஸ்டேஷனில் எனக்கு ஓடக் கால் வரவில்லை. வந்திருந்தால் சூட்கேஸோடு ஓடியிருப்பேன்.

ரிட்டயர் ஆகும்வரை நான்தான் எம்.ஆர். வீட்டிலும் அதே பதவி. கேஸ் தீர்ந்தால், கரண்ட் போனால், “எம்.ஆர். எங்க?” என்பாள் மனைவி. மகள் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குப் பிரியாணி பத்தவில்லை. சம்பந்தி வீட்டார் எழுந்து, “இங்கன யாருங்க பொறுப்பு?” என்று கேட்டார்கள். எங்கள் குடும்பம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன்.