பூரி மாஸ்டருக்குக் கைதட்டிய கதை

புத்தூர்,
வியாழக்கிழமை.

மைத்துனன் சிரஞ்சீவி ஹேமநாத்துக்கு மாமா கோவர்த்தனன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம், அங்கே உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. உன் அக்கா சுலோசனா நலம். என் நலத்தைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வாட்சப்பில் நான் ஒரு பக்கம் கொட்டினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. நீ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, வடமாலப்பேட்டைப் பக்கம் ஹைவேயில் புதிதாக ஏசி ஹோட்டல் திறந்தவன் என் மாஸ்டர் தணிகைவேலுக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டான் என்று உன்னிடம் வாய் தவறிச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தணிகைவேல் போனால் என் ஹோட்டல் போச்சு என்பது உனக்கும் தெரியும். எலும்பு முறிந்து புத்தூருக்குக் கட்டுப் போட வருகிறவன்கூட முதலில் அவன் பூரியையும் வேர்க்கடலைச் சட்னியையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கட்டுப் போடப் போகிறான். நீ உடனே லேப்டாப்பைக் கல்லாமேல் வைத்து, “மாமா, யாரும் சம்பளத்துக்காக வேலைய உடறதில்ல, மதிப்பு கெடைக்கலன்னாதான் உடுவாங்க” என்று ஆரம்பித்து, ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஆயிரம் பேரை நீ ஒருவனே பிடித்து வைத்திருப்பதுபோல் பதினோரு படம் காட்டினாய். நானும் தலையை ஆட்டினேன். எட்டாங்கிளாஸ் படித்தவன், எம்பிஏ படித்தவன் சொன்னால் ஆட்டத்தானே செய்வான்?

நீ சொன்னபடியே, தினமும் காலையில் ஷட்டரைத் தூக்குமுன் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, ஒருவரைப் பாராட்டிக் கைதட்டுவது என்று தொடங்கினேன். முதல் நாள் தணிகைவேல். “சித்தூர் ஜில்லா, திருப்பதி ஜில்லா ரெண்டையும் சல்லடை போட்டுச் சலிச்சாலும் இந்த மாதிரி கை கிடைக்காது” என்று நான் மனசாரச் சொன்னேன். சப்ளையர் கிஷோர் விசிலே அடித்தான். தணிகைவேல் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். சரியாக எட்டு மணிக்கு நான் புகழ்ந்த அந்த வலது கையில் எண்ணெய் தெறித்து, முழங்கை வரை கொப்புளம்.

மறுநாள் காலை அவன் சம்சாரம் கங்கம்மா வந்தது. சண்டைக்கு வந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். மரியாதையாகத்தான் பேசியது. “கொஞ்சம் கால எடு மொதலாளி. உன் காலடி மண்ணு ஒரு சிட்டிகை வேணும்” என்றது. கண் வைத்தவன் காலடி மண்ணில்தான் சுற்றிப்போட வேண்டுமாம். தரையெல்லாம் டைல்ஸ், மண் ஏது? அதனால் என்னைத் தெருவுக்கு இறக்கி, பஸ் ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேர் முன்னால் வெறுங்காலோடு நாலடி நடக்கவைத்து, அந்த மண்ணைக் காகிதத்தில் அள்ளிக்கொண்டு வந்து, உப்பும் மிளகாயும் சேர்த்துப் புருஷனைச் சுற்றி என் அடுப்பிலேயே போட்டது. யாரும் தும்மவில்லை. “பாத்தியா, நெடியே வரல! எவ்ளோ பெரிய கண்ணு பட்டுக்குது பாரு!” என்று அந்தம்மா சொல்ல, சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் என் கண்ணையே பார்த்தார்கள். “அம்மா, மேல எக்ஸாஸ்ட் பேனு ஓடிக்கினு இருக்குதும்மா” என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

உனக்குப் போன் செய்தேன். நீ பதறினாயா? இல்லை. “ஒருத்தரையே பாராட்டினா அப்படித்தான் மாமா, எல்லாரையும் சுத்தி வாங்க” என்றாய். சுற்றி வந்தேன். கிஷோர் முறை வந்த அன்று அவன் ஸ்டோர் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, “வத்து சார், வத்து! நேத்துதான் புது பைக் எடுத்தேன், நன்னு ஒதிலேயண்டி!” என்று, தன்னை விட்டுவிடச் சொல்லி அவன் தெலுங்கில் கெஞ்சுகிறான். காய் நறுக்கும் கன்னிகாவுக்கு வயது ஐம்பத்தைந்து. அதன் முறைக்கு அது கன்னத்தில் எட்டணா அளவுக்கு மைப்பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றது. இதற்குக் கைதட்ட வேறு சொல்கிறாய். நான் வாயைத் திறந்தாலே ஆள் ஆளுக்கு ஒதுங்குகிறார்கள். முப்பது வருஷம் வியாபாரம் செய்து சேர்த்த நல்ல பெயர் பத்து நாளில் போய்விட்டது.

அதற்கும் உன்னிடம் மருந்து இருந்தது. வாயால் புகழாமல் சார்ட் மாட்டி நட்சத்திரம் ஒட்டச் சொன்னாய். நேரத்துக்கு வந்தால் ஒன்று, சுத்தமாக உடுத்தினால் ஒன்று, கஸ்டமரைப் பார்த்துச் சிரித்தால் ஒன்று. மாதக் கடைசியில் நிறைய நட்சத்திரம் வாங்கியவருக்குக் குக்கர் பரிசு. கணக்கில் பாரபட்சம் இருக்காது என்றாய். உண்மைதான், கொஞ்சமும் பாரபட்சம் இல்லை. கிஷோருக்கு அறுபத்தெட்டு, கன்னிகாவுக்கு நாற்பத்திரண்டு, தணிகைவேலுக்கு முட்டை! அவன் வருவது விடியற்காலை மூன்றரைக்கு. குறித்துக்கொள்ள நான் விழித்திருந்தால்தானே? அடுப்புச் சூட்டில் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பவனுக்குச் சுத்தமான உடை எங்கிருந்து வரும்? சுவரைப் பார்த்துப் பூரி போடுகிறவன் எந்தக் கஸ்டமரைப் பார்த்துச் சிரிப்பான்? யாரைப் பிடித்துவைக்க இத்தனையும் செய்தேனோ அவனே கடைசி. கிஷோர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். தணிகைவேல் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அந்தச் சார்ட்டை ரொம்ப நேரம் பார்த்தான். “வரேன் மொதலாளி” என்றான். போனவன்தான். இன்றோடு நாலு நாள். போன் ஸ்விட்ச் ஆஃப். வடமாலப்பேட்டைப் பஸ்ஸில் பார்த்ததாக ஒருவர் சொன்னார்.

இப்போது கிஷோர்தான் பூரி போடுகிறான். கஸ்டமரைப் பார்த்து நன்றாகச் சிரித்துக்கொண்டே போடுகிறான், ஒன்றுகூட உப்புவதில்லை. சட்னி நான் அரைக்கிறேன். நேற்று நகரி பஸ் கண்டக்டர் ஒரு வாய் வைத்துவிட்டு, “இன்னா மொதலாளி, மாஸ்டரு செத்துட்டாரா?” என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, உன்மேல். ஒன்று கேட்கிறேன், பதில் சொல். இவ்வளவு தெரிந்த நீ ஏன் பெங்களூருக்கு வேலை தேடிக்கொண்டிருக்கிறாய்? உன் அக்கா போனில் உன் பயோடேட்டாவைப் பார்த்தேன். உன் டிப்பார்ட்மென்ட்டில் இந்த வருஷம் நாலு பேர் போய்விட்டதும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் கைதட்டவில்லையா?

முடிவாகச் சொல்கிறேன். இனி என் ஹோட்டலில் பாராட்டு, நட்சத்திரம், குக்கர் ஒன்றும் கிடையாது. சார்ட்டைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று, அதற்கும் நெடி வரவில்லை. உன் யோசனை ஒன்றுகூட எனக்கு இனிமேல் வேண்டாம். இந்த விஷயத்தில் உன்னை நான் மன்னிப்பதாக இல்லை. ஆனாலும் பெரியவன் என்ற முறையில் உனக்கும் ரக்ஷிதாவுக்கும் குழந்தை யஸ்வந்துக்கும் என் ஆசீர்வாதம். தணிகைமலையான் உங்களுக்கு நீண்ட ஆயுளும், உனக்கு மட்டும் கூடவே கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கடுங்கோபத்துடன்,
மாமா கோவர்த்தனன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குத் தணிகைவேல் வந்தான். வேலைக்கு இல்லை, தன் ஜல்லிக்கரண்டியை எடுத்துப்போக வந்தான். எனக்கு ரோஷம் தாங்கவில்லை. “அந்த ஏசிக்காரன் அப்படி இன்னாடா குடுத்தான்? சொல்லிட்டுப் போ” என்றேன். அவன் கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “ஒண்ணும் குடுக்கல மொதலாளி. நான் பூரி போட்டுக் காட்டனேன். அந்தாளு அங்கியே குந்திக்கினு நாலு துன்னான். பத்தொம்போது வருஷமா ஊரே என் கையால துன்னுது. நீ மட்டும் வூட்லேர்ந்து கேரியர் எடுத்தாந்து, கல்லாவுல குந்திக்கினு, அத்தினி பேரு பாக்கத் துன்ற. என் சோத்துல இன்னா வெசமா இருக்குது?”

ஹேமநாத், எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அப்படி நினைத்ததே இல்லை. உன் அக்கா கட்டிக் கொடுக்கிறாள், நான் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். போய் முதல் டேபிளில் உட்கார்ந்தேன். அவன் அடுப்பைப் பற்றவைத்து இரண்டு பூரி போட்டுக் கொண்டுவந்தான். ஒரு வாய் வைத்ததும் எதையோ சொல்ல வாயைத் திறந்தேன். “நல்லாக்குதுன்னு மட்டும் சொல்லாத மொதலாளி. இன்னொண்ணு கேளு, போதும்” என்றான். கேட்டேன். ஐந்து சாப்பிட்டேன். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக எடுத்துக்கொள். மதிப்பு என்று நீ சொன்னது சரிதான், அதை எங்கே வைப்பது என்பதில்தான் நான் கோட்டை விட்டேன். இப்போது அவசரம் வேறு. இனி என் மத்தியானச் சாப்பாடு இங்கேதான் என்று தணிகைவேலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இருபத்தாறு வருஷமாகக் கேரியர் கட்டுகிற உன் அக்காவிடம் அது வேண்டாம் என்று யார் சொல்வது? என்னால் ஆகாது. அவள் மனம் கோணாமல் வைத்துக்கொள்ள உங்கள் கம்பெனியில் ஏதாவது திட்டம் இருந்தால் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கிளம்பி வா. இன்று மத்தியானம் இங்கேயும் சாப்பிட்டேன், கேரியரையும் காலி செய்தேன். ஞாயிறு வரை தாங்குவேன் என்று நினைக்கிறேன்.