வீட்டின் ஆயுள்

"உங்கட பழைய வீடு எத்தின வருசம் இருந்தது, அம்மா?"

"பதினொரு மாசம், மகன்" என்றாள் அன்னப்பூரணி.

உதயரூபன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தான். அதில் வருடத்துக்குத்தான் கட்டம் இருந்தது.

வாகரையில் சுனாமி வீடுகள் கட்டிக்கொடுத்த நிறுவனத்தில் அவன் தொழில்நுட்ப அலுவலர். 2005இல் அன்னப்பூரணிக்குக் கட்டிய வீட்டை அடுத்த வருடமே சண்டையில் விழுந்த ஷெல் உடைத்தது. அகதியாய்ப் போய்த் திரும்பியவளுக்கு 2008இல் மறுபடி ஒரு வீடு. கட்டி, பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. பூட்டுப் போட்டுத் திறப்பை அவள் கையில் கொடுக்கிற நேரம் பார்த்துத்தான் காசு தரும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றுச்சூழல்மீது கரிசனை பொத்துக்கொண்டு வந்தது. மணல் அள்ளுவது, சீமெந்து சுடுவது, லொறி ஓடுவது, கடைசியில் வீட்டை இடிப்பது வரை எழும் புகையையெல்லாம் கூட்டி, வீட்டின் ஆயுளால் வகுக்க வேண்டுமாம். பழைய வீட்டின் புகையை அளக்காமல் புது வீட்டின் திறப்பு இல்லை.

ஐப்பசி பிறந்துவிட்டது. அன்னப்பூரணியின் தகரக் கொட்டில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் ஒழுகியது.

உதயரூபன் தாராள மனதோடு ஒரு வருடம் என்று எழுதி அனுப்பினான். கணினி சிவப்புக் காட்டியது. பல வருடப் புகையை ஒரே வருடத்தில் கக்கிய வீடு! உலகத்தைக் கெடுத்தவர்கள் பட்டியலில் அன்னப்பூரணிக்கு முதலிடம்.

"அம்பது எண்டு போடுங்க சேர். வீடு கட்டக்குள்ள அம்பது வருசம் நிக்குமெண்டுதானே சொன்ன" என்றார் வீடு கட்டிய மேசன் ஆதம்பாவா.

போட்டான். அடுத்த கேள்வி வந்து நின்றது. ஐம்பது வருட வீடு ஏன் அழிந்தது? முதுமை, ஈரக்கசிவு, கறையான், உரிமையாளரே இடித்தது. இந்த நான்கில் ஒன்று. ஷெல்லுக்குக் கட்டம் இல்லை.

"கறையான் எண்டு போடட்டா, அம்மா?"

"கறையான் எண்டா என்ட மனிசன் உசிரோட இருந்திருப்பாரே, மகன்."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேறு வழியில்லாமல் நான்காவதற்குப் புள்ளடி போட்டான்.

பலன் கைமேல் கிடைத்தது. 'வீட்டை இடிக்காமல் பேணுவது எப்படி' என்று அன்னப்பூரணிக்கு இரண்டு நாள் பயிற்சி. காயப்போட்ட கருவாட்டை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சான்றிதழும் தந்தார்கள். அன்றைக்கே மாரி பிடித்தது, கருவாடு அழுகியது. சிவப்பு மட்டும் மாறவில்லை.

"உடைஞ்ச கொங்கிரீட்டெல்லாம் எங்க, அம்மா? திரும்பப் பாவிச்சிருந்தாப் புள்ளி குடுப்பாங்க."

"சந்திக் காவலரணப் பாருங்க. என்ட வீட்டுச் சுவர்தான். நீலப் பூச்சும் அப்பிடியே கிடக்கு. அடையாள அட்டையக் காட்டித்தான் நான் அதத் தாண்டி வாற."

உதயரூபனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்திக்குப் போய், ஆமிக்காரன் சந்தேகப்படாத தூரத்தில் நின்று கண்ணாலேயே அளந்தான். 'பழைய வீடு முழுதும் பயன்பாட்டில் உள்ளது. உறுதியாக நிற்கிறது' என்று எழுதி அனுப்பினான்.

கணினி பச்சை காட்டியது!

"சாமானக் கட்டுங்க அம்மா, நாளைக்குத் திறப்பு" என்று அவனே ஓடிப்போய்ச் சொன்னான். அவள் சட்டி பானையைக் கட்டிப் புது வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தாள். மழை கொட்டியது.

மறுநாள் காலையில் மட்டக்களப்பு அலுவலகத்திலிருந்து வதனி தொலைபேசியில் அழைத்தாள்.

"படிவம் பாஸ், அண்ணன். ஆனா திறப்புக் குடுக்க ஏலாதாம். அந்த அம்மாட பழைய வீடு சந்தியில நல்லா நிக்குதெண்டு நீங்கதானே எழுதியிருக்கீங்க, ஒராளுக்கு ரெண்டு வீடு இல்லையாம்."