ராஜாக்களின் தூணில் சிக்ரிட்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அஸ்கர் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் டாக்னி எழுதுவது. அம்மா சுகம், பூனை சுகம், உங்கள் முட்டிவலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் மட்டும் சுகமில்லை. போர்வைக்குள் டார்ச் பிடித்து எழுதுகிறேன். கோணல் எழுத்தை மன்னிக்கவும்.

நாளை நீங்கள் வேலை செய்யும் பேராலயத்தில், மார்கிரேதே ராணியின் கல்லறை முன்னால் எங்கள் வகுப்பிலிருந்து ஒருத்தி அந்தப் பேராலயத்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். முதலில் மரக்கோயில், பிறகு கல், அப்புறம்தான் இந்தச் செங்கல் என்று தூக்கத்தில் கேட்டாலும் நான் சொல்வேன். எந்த ராஜா எந்த மூலையில் படுத்திருக்கிறார் என்றும் காட்டுவேன். ஆனால் ஹோல்ம் டீச்சர் சிக்ரிட்டைத் தேர்ந்தெடுத்தார். "அவ உயரம். பின்னாடி இருக்கிறவங்களுக்கும் தெரிவா" என்றார். மாமா, சிக்ரிட்டுக்குத் தெரிந்த ஒரே வேலை வளர்வது.

அங்கே ராஜாக்கள் தங்கள் உயரத்துக்குக் கோடு போட்டுவைத்த தூணைத் தினமும் துடைப்பவர் நீங்கள். எல்லாருக்கும் மேலே இருக்கும் கிறிஸ்டியன் ராஜாவின் கோடு, அவர் எலும்பை அளந்தபோது வந்த உயரத்தை விட ஒரு சாணுக்கு மேல் அதிகம் என்று நீங்கள்தானே சிரித்தீர்கள்? அதை நினைத்துத்தான் நேற்று எனக்குக் கை துறுதுறுத்தது. நீலப் பென்சிலால், என் இடுப்பு உயரத்தில் ஒரு கோடு போட்டு 'சிக்ரிட்' என்று எழுதிவிட்டேன்.

இன்று ஒத்திகையில் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, சிக்ரிட்தான் எழுதினாள் என்று அவளைத் திட்டினார். சிக்ரிட் அழவில்லை. "நானே எழுதியிருந்தா இவ்வளவு கீழயா எழுதுவேன், டீச்சர்?" என்றுதான் கேட்டாள். நியாயமான கேள்வி, ஆனால் டீச்சர் கேட்கவில்லை. நாளைய பேச்சை அவளிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் சிக்ரிட் தன் தாளை என் கையில் திணித்தாள். "இந்தா குள்ளச்சி, நீயே பேசு. உனக்குத்தான் எல்லாம் தெரியும். ஸ்டூல் ஒண்ணு கேட்டு வாங்கிக்கோ."

அப்போதிருந்து சோறு இறங்கவில்லை. கல்லறை மேல் ராணியின் கல்முகம் கண் மூடித்தான் கிடக்கிறது, ஆனாலும் அதன் முன்னால் நின்று பேச எனக்குப் பயமாக இருக்கிறது. விடிந்ததும் அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள். எழுதியது சிக்ரிட் இல்லை என்று டீச்சரிடம் சொல்லுங்கள். யார் என்று கேட்டால் என் பெயரையும் சொல்லலாம். இரண்டு முறை கேட்டால் மட்டும். ரொட்டி வாங்கப் போகும்போது இதை உங்கள் கதவுக்கடியில் தள்ளிவிடுவேன். அத்தைக்கும் உங்கள் முட்டிக்கும் என் வணக்கம்.

திருந்திவிட்ட,
டாக்னி

பின்குறிப்பு: அதே தூணின் பின்பக்கம், கிறிஸ்டியன் ராஜாவுக்கு ஒரு விரல் மேலே, சின்னதாக இன்னொரு நீலக்கோடு இருக்கும். நாற்காலி மேல் ஏறி எனக்காக நான் போட்டது. அதை அழிக்க வேண்டாம்.