வெறும் வயித்து டெஸ்ட்

நான் கவலை டைப். நானாச் சொல்லலை. மக நிலோபர் செல்போன்ல முப்பது கேள்வி கேட்டா, அதுல வந்த முடிவு. கால் மரத்தா பக்கவாதம், ஏப்பம் வந்தா மாரடைப்பு. இப்ப ஒரு மாசமா தாகம் வேற. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் தாகமா ஆரம்பிச்சு, சுகர்ல கால்விரல் போச்சு. ஆனா டெஸ்ட் மட்டும் எடுக்க மாட்டேன். பேப்பர்ல வராத வரைக்கும் அந்த நோய் எனக்கு இல்லை.

என் பொண்டாட்டி ஜெயினம்பு நேர் எதிர் டைப். "இருந்தா மாத்திரை, இல்லாட்டி சந்தோசம். வாங்க!" மூணு தடவை லேப்ல நாள் குறிச்சா. வெறும் வயித்தோட வரணும்னாங்க. மூணு தடவையும் காலையில நைசாத் தெருமுனைக்குப் போயி ஒரு டீ, ரெண்டு வடை. "அடடா, மறந்துட்டேனே ஜெயினம்பு!"

ரம்ஜான் நோன்பு பிறந்துச்சு. "நோன்பு முடியட்டும், பாப்போம்"னேன். அவளும் "சரிங்க"ன்னா. அம்புட்டு சுலபமா அவ சரின்னப்பவே நான் உஷாராயிருக்கணும்.

நேத்து மதியம் மூணரை. துணி எடுக்கணும்னு தல்லாகுளத்துக்கு வண்டிய விடச் சொன்னா. நிப்பாட்டச் சொன்னது லேப் வாசல்ல.

"அடிப்பாவி! இது வெறும் வயித்து டெஸ்ட்டுல்ல?"

"ஆமாங்க. விடியுமுன்ன சஹர் சாப்பிட்டு பத்து மணி நேரமாச்சு. அதுக்கப்புறம் பச்சைத்தண்ணி கூட உங்க வாயில படலையே?"

படலைன்னு தலையாட்டினேன். நோன்பு வச்ச வாயால, குடிக்காத டீயைக் குடிச்சேன்னு எப்படிங்க பொய் சொல்றது?

"ரத்தம் எடுத்தா நோன்பு முறிஞ்சிராது?"

"பள்ளிவாசல் ஹஜரத்துக்கிட்டக் கேட்டாச்சு. முறியாதாம்."

"மயக்கம் வந்தா?"

"பிடிச்சுக்கத்தான் நான் வந்திருக்கேன்."

கையை நீட்டினேன். ஊசியப் பாக்காம ஜெயினம்பு முகத்தைப் பாத்தேன். உதடு என்னமோ ஓதிக்கிட்டிருந்துச்சு. அவளுக்கும் என் அளவுக்குப் பயம்னு அப்பத்தான் தெரிஞ்சது.

நோன்பு திறக்கக் கால்மணி நேரம் இருக்கையில போன்ல ரிசல்ட் வந்துச்சு. சுகர் இல்லை! ஜெயினம்பு முந்தானையால கண்ணைத் துடைச்சா. நான் அல்ஹம்துலில்லாஹ்ன்னேன். முழுசா அஞ்சு நிமிசம் நிம்மதியா இருந்தேன்.

"ஏ ஜெயினம்பு, ரத்தம் கித்தம் மாறியிருக்குமோ? வேற யாரோட ரிசல்ட்டையோ எனக்கு அனுப்பிட்டாங்கன்னா? எதுக்கும் நோன்பு முடியட்டும், மறுபடி ஒருக்கா..."

பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்திக்கிட்டே சொன்னா.

"உங்க டைப் எனக்குத் தெரியாதா? நாளைக்கு மூணரைக்கு வேற லேப்புல பேர் குடுத்தாச்சு."