மூன்று பேர் தண்ணீர் ஊற்றிய ஆலமரம்

குண்டசாலை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பின் மைத்துனி யசோதாவுக்கு,

அத்தான் தனபாலன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா சீதாவும் மழையும் சுகம். மெல்பனில் நீயும், மகள் தர்ஷிகாவும், புதிதாக வந்திருக்கும் பேரனும் சகல சுகத்தோடு இருக்கக் கதிர்காமத்தானை வேண்டுகிறேன். போனில் சொன்னால் குரல் நடுங்கும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். விஷயம், நீ எங்களிடம் விட்டுப்போன போன்சாய்க் குட்டி ஆலமரம். பதறாதே, உயிரோடுதான் இருக்கிறது.

பென்ஷன் எடுத்த பிறகு காலையில் போவதற்கு எனக்கு ஓர் இடமில்லாமல் இருந்தது. உன் மரம் வந்ததும் கிடைத்தது. அதை ஜன்னலோர மேசையில் ஒரு தட்டின் மேல் வைத்து, கதிரையில் உட்கார்ந்து, தாடையை மேசையில் ஊன்றிக்கொள்வேன். வெளியே மகாவலிப் பக்கமிருந்து பனி ஏறி வரும். கொஞ்ச நேரத்தில் மரம் பெரிதாகிவிடும், நான் சிறுத்துவிடுவேன். அதன் நிழலில் ஒரு பஸ் தரிப்பிடம். தெல்தெனிய பஸ்ஸுக்காக அங்கே காத்திருப்பேன். பஸ் வராது. வராததில் எனக்கு ஒரு குறையுமில்லை. எழும்பும்போது நன்றியாக ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுவேன்.

ஒருநாள் அந்த நிழலில் வெயில் விழுந்தது. பார்த்தால் இலையெல்லாம் மஞ்சள், தொட்டாலே உதிர்ந்தது. தாகமாக்கும் என்று இரண்டு கோப்பை ஊற்றினேன். அடுத்து ஒரு நாற்றம், மழையில் நனைந்த சப்பாத்துக்குள் மூக்கை விட்டது போல.

“தண்ணி பத்தலையா? நீங்க மறந்துருவீங்கன்னு நானும் தெனமும் வெளக்கேத்திட்டு ஒரு செம்பு ஊத்துறேனே” என்றாள் சீதா.

அவளைச் சந்தைக்கு ஏற்றிப்போக வந்த த்ரீவீலர்க்கார ஹபீல் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். “ஐயா, நானும் போற வார நேரமெல்லாம் போத்தல்ல மிச்சமிருக்கிற தண்ணிய ஊத்தினேன். வாடின மாதிரி இருந்திச்சு.”

மூன்று பேருடைய அன்பும் தட்டில் குளமாக நின்றது.

யூடியூபில் ஒரு ஜப்பான்காரர் கிடைத்தார். பேச்சு ஒன்றும் விளங்கவில்லை, கைகள் விளங்கின. அவரைப் பார்த்துப் பார்த்தே மரத்தைத் தொட்டியிலிருந்து தூக்கினோம். வேர் கறுத்து, கூழாகி, விரலில் ஒட்டியது. சீதா குழந்தையைப் போல மரத்தை ஏந்திக்கொள்ள, நான் கத்தரிக்கோலைச் சுடுநீரில் கழுவி, அழுகியதையெல்லாம் வெட்டினேன்.

“அத வெட்டாதீங்க.”

“கறுப்பா இருக்கே.”

“நெறந்தான் அப்படி. தொட்டுப் பாருங்க, கெட்டியா இருக்கு.”

தொட்டேன். கெட்டிதான். அந்த ஒரு வேரை விட்டுவைத்தோம். பிறகு அழுகல் பரவாமலிருக்க வெட்டிய இடமெல்லாம் கறுவாப்பட்டைத் தூள் பூசி, செங்கல் துண்டும் ஆற்றுமணலும் கலந்து நட்டோம். வீடு கலியாணச் சமையல்கட்டாக மணத்தது. சீதா செம்பை அலுமாரியில் பூட்டினாள். ஹபீல் போத்தலை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரலாம்.

இலையில்லாத மரத்தின் கீழே நான் தினமும் காத்திருந்தேன். நேற்று ஒரு கிளை நுனியில் கடுகளவு பச்சை. கூப்பிட வாயெடுத்தேன். சீதா தானாகவே வந்து, கண்ணாடியைப் போட்டுக் குனிந்து, “வந்துருச்சுங்க” என்றாள்.

எங்களை மன்னித்துக்கொள். நீ வந்ததும் மரத்தைப் பத்திரமாக ஒப்படைத்துவிடுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை, பழகிக்கொள்வேன். சின்னவன் நீண்ட ஆயுளோடு வளர எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு அஞ்சியிருக்கும் அத்தான்,
தனபாலன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் சீதா இதை வாசித்தாள். “இதுக்கா இவ்வளவு எழுதுனீங்க? அவ போறப்பவே சொன்னாளே, அது பெரிய தொல்லையா இருக்கு, எனக்கு வீச மனசு வரல, நீயே வீசிரு அக்கான்னு.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“உங்க மொகத்தப் பார்த்தப்புறம் எப்படிச் சொல்றது?”

ஆகவே மேலே மன்னிப்புக் கேட்டதையும் ஒப்படைப்பதாகச் சொன்னதையும் விட்டுவிட்டு வாசிக்கவும். மரம் இனி எங்களுடையது. சின்னவனுக்கான ஆசி மட்டும் செல்லும்.