கீசருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஒரு விசாரணை

தலை நிறைய சோப்பு நுரையோடு ஒரு மனுஷன் எடுக்கிற சபதம் லேசுப்பட்டதல்ல. அன்று காலை ஏழே காலுக்கு நான் எடுத்தேன். தொடர்ந்து ஒன்பதாவது நாளாக, நான் சோப்புப் போட்டு முடித்த கையோடு மெயின் சுவிட்ச் 'டப்'பென்று விழுந்திருந்தது. கீசர் அணைந்தது. ஷவரிலிருந்து ஐஸ் தண்ணீர் கொட்டியது.

கண்ணைத் திறக்க முடியாமலே துண்டோடு வெளியே பாய்ந்தேன். "அந்த இஸ்திரிப் பெட்டியைத் தலையைச் சுற்றித் தூக்கி எறியப் போறேன்!"

என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். தைத்த சட்டைகளை எட்டு மணிக்குள் இஸ்திரி போட்டு மடித்து வைக்க வேண்டும். கடைக்காரர் வந்து எடுத்துப் போவார். ஒரு நாள் தவறினாலும் ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும். அதற்காக, நான் குளிக்கிற நேரம் பார்த்து அவள் பெட்டியைப் போட்டுச் சுவிட்சை விழ வைத்தால், ஒரு குடும்பத் தலைவன் நுரையோடு ஆபீஸ் போக முடியுமா?

"அண்ணனைக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

அவள் அண்ணன், அதாவது என் மச்சான், எலெக்ட்ரீஷியன். ஒரு பல்பு மாட்ட வந்தாலும் மூன்று வேளை சாப்பிட்டு, என் சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்குப் பேனாவைத் தவிர எது பிடிக்கத் தெரியும்?" என்று ஊரே கேட்கச் சிரித்துவிட்டுத்தான் போவார். செத்தாலும் கூப்பிட மாட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம். நானே விஞ்ஞானபூர்வமா விசாரிக்கிறேன்."

நான் தலைமை குமாஸ்தா. எங்கள் வீட்டில் எதுவும் சுற்றறிக்கை மூலமாகத்தான் நடக்கும். எழுதினேன்: 'காலை ஆறு முதல் எட்டு வரை, கீசர், இஸ்திரிப் பெட்டி ஆகிய இரண்டில் எது அதிக மின்சாரம் இழுக்கிறதோ அது இயங்கக் கூடாது. மேல்முறையீடு கிடையாது.'

எட்டிப் பார்த்தாள். "யாருக்கும் விதிவிலக்கு இல்லைன்னும் சேர்த்துக்குங்க. அப்புறம் நான் ஏதாவது சாக்குச் சொல்லுவேன்."

எவ்வளவு அப்பாவி! பாவமாகக்கூட இருந்தது. சேர்த்து, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் நண்பரிடம் கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கி வந்தேன். நண்டுக்கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து வயரைக் கவ்வினால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும். கீசரைப் போட்டு, அதன் வயரைக் கவ்வினேன். காட்டியது: பூஜ்ஜியம்.

"பார்த்தியா! என் கீசர் கரண்ட்டே எடுக்கலை!"

"அப்போ தண்ணி எப்படிங்க சுடுது? உங்க கோபத்துலயா?"

"குறுக்கே பேசாதே."

"என் பெட்டியையும் பிடிச்சுப் பாருங்களேன்."

பிடித்தேன். அதுவும் பூஜ்ஜியம். பெட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"போற கரண்ட்டையும் வர்ற கரண்ட்டையும் சேர்த்துப் பிடிச்சா ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். ஒத்தை வயரைப் பிடிக்கணுங்க" என்றாள். "அண்ணனுக்கு டார்ச் பிடிச்சதெல்லாம் யாரு? நான்தானே?"

எனக்குத் தெரியாததல்ல, மறந்துவிட்டேன். போர்டு பக்கம் போய் ஒற்றை வயரைக் கவ்வினேன். வோல்டேஜ் இருநூற்று முப்பது. பெட்டி: ஒன்பது புள்ளி இரண்டு ஆம்பியர். கீசர்: பதினொன்று புள்ளி ஐந்து.

என் கீசர்தான் அதிகம். ஆனால் இருபது வருஷம் ஃபைல் பார்த்தவனுக்கு வழியா இல்லை?

"ஆம்பியரை வெச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது. தடைன்னு ஒண்ணு இருக்கு. வோல்டேஜை ஆம்பியரால வகுக்கணும். உன் பெட்டி இருபத்தஞ்சு ஓம். என் கீசர் வெறும் இருபது. அஞ்சு ஓம் உன்னது ஜாஸ்தி! குற்றவாளி யாரு?"

"அடேயப்பா!" என்று கன்னத்தில் கை வைத்தாள். "தடைன்னா என்னங்க?"

"கரண்ட்டை வர விடாமத் தடுக்கிறது."

"ஓஹோ. அப்போ என் பெட்டி பாவம், வராதே வராதேன்னு தடுக்குது. உங்க கீசர்தான் வா ராசா வான்னு உள்ளே விடுது?"

கால்குலேட்டரை மறுபடியும் தட்டிப் பார்த்தேன்.

"வகுத்துட்டீங்க. பெருக்கினா என்ன வரும்?"

"பெருக்கினா... வாட்ஸ் வரும். அது இப்ப எதுக்கு?"

"சும்மாதான். கால்குலேட்டரைக் கொடுங்க."

கொடுத்தேன். அந்த ஒரு தப்பைத்தான் நான் செய்திருக்கக் கூடாது. பெட்டி இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு வாட்ஸ். கீசர் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து.

"ரெண்டையும் ஒண்ணாப் போட்டா இருபது ஆம்பியருக்கு மேலே. நம்ம சுவிட்ச் தாங்குறது பதினாறு. அதான் ரெண்டு நிமிஷம் பல்லைக் கடிச்சுப் பார்த்துட்டு விழுந்துடுது" என்றபடி சுற்றறிக்கையை எடுத்து, வாய்விட்டுப் படித்தாள். 'யாருக்கும் விதிவிலக்கு இல்லை' என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"இந்தா, இரு. இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா? அண்ணன்கிட்டே போன் போட்டுக் கேட்டியா?"

"அண்ணன் எதுக்குங்க இதுக்கு? கீசர் அடியிலேயே எத்தனை வாட்ஸ்னு ஒட்டியிருக்கு. பெட்டியிலயும் ஒட்டியிருக்கு. பதினோரு வருஷமா கீசருக்குக் கீழே நின்னுதானே பாடுறீங்க? ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்திருக்கீங்களா?"

மறுநாள் காலை ஏழே கால். வெளியே இஸ்திரிப் பெட்டி 'உஸ்' என்று சந்தோஷமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் பச்சைத் தண்ணீரில் பல் கிட்டிக்க நின்றபடி, முதல் முறையாக அண்ணாந்து பார்த்தேன்.

வாட்ஸ் கணக்கு ஒட்டித்தான் இருந்தது. பக்கத்திலேயே, நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டு, என் கையெழுத்தோடு சுற்றறிக்கையும் ஒட்டியிருந்தது.