பெரியமூஞ்சி அண்ணாச்சி போட்ட லோகோ

திருநெல்வேலியிலிருந்து திசையன்விளை வரைக்கும் எந்த நல்லது கெட்டதையும் நாசமாக்கக் கூடிய ஒரே ஆள் எங்கள் பெரியமூஞ்சி அண்ணாச்சிதான். பாளையங்கோட்டையில் பிளக்ஸ் பேனர் கடை. ஆர்டர் கொடுத்தவர் யாரோ அவர் மூஞ்சிதான் பெரிசு என்பது கடையின் சட்டம். காதுகுத்துப் பேனரில் குழந்தை கடுகளவு இருக்கும். தாய்மாமன் யானை அளவுக்கு நிற்பார். கண்ணீர் அஞ்சலியில் செத்தவரைத் தேடிப் பிடித்துத்தான் கும்பிட வேண்டும்.

இந்த மகானிடம் போய் பெண்கள் இல்லத்துக்கு லோகோ கேட்டது நான்தான். அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள் தங்குகிற இடம் அது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியது போக, நான் அங்கே கமிட்டியிலும் இருக்கிறேன். லோகோ, லெட்டர் பேடு, வாசல் போர்டு எல்லாம் ஒரே மாதிரி கண்ணியமாக வேண்டும் என்று முடிவு.

அளவெடுக்க இல்லத்துக்கு வந்தவருக்கு, கையில் மாவுக்கட்டோடு அங்கே தங்கியிருந்த முக்கூடல் செல்விதான் டீ கொண்டு வந்து கொடுத்தாள். அடுத்த வாரம் டிசைனைக் காட்டினார். நடுவில் தலைவிரிகோலமாக ஒருத்தி அழுகிறாள். அவளுக்குப் பின்னால் எதற்கோ குற்றால அருவி. சுற்றிலும் கமிட்டிக்காரர்களின் முகங்கள். என்னைச் சிவப்பாக்கி, கல்யாணமாகாத வயசுக்குக் கொண்டுபோயிருந்தார். கீழே அம்புக்குறியோடு முழு விலாசம்.

"விலாசம் கூடாது அண்ணாச்சி."

"அட்ரஸ் இல்லாம ஒரு போர்டா டீச்சர்? ஆளுவ எப்படித் தேடி வருவாவ?"

"தேடி வரக் கூடாதுன்னுதான் சொல்லுதேன். வாரது புருசங்காரன்லா!"

முகங்களையும் எடுக்கச் சொன்னேன். அதற்கு அவரைவிட எங்கள் கமிட்டிதான் அதிகம் வருந்தியது. "லெட்டர் பேடுலயாவது சின்னதா இருக்கட்டுமே" என்றார் தலைவி. சேவை மனசுக்கும் ஒரு போட்டோ ஆசை.

திருத்தம் சொல்ல நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒருவன் வந்தான். அவன் நீட்டிய போட்டோவில் செல்வி.

"பொண்டாட்டியக் காணல அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுல பெரிசா ஒரு பேனர் வைக்கணும்."

செல்வி அந்த பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள்.

அண்ணாச்சி படத்தைப் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார்.

"உம்ம போட்டோ இருக்கா வே?"

"எனக்கு எதுக்கு? காணாமப் போனது அவல்லா!"

"தேடுதது யாருன்னு ஊருக்குத் தெரியாண்டாமா? உம்ம மாதிரி ஒரு ஆம்பள கண்ணீரோட தேடுதாருன்னா நாலு பேரு பார்க்கணும்லா!"

அவ்வளவுதான். அழ வேண்டியவன் மீசையை முறுக்கிக்கொண்டு, கூலிங் கிளாஸோடு பைக்கில் சாய்ந்திருந்த படத்தை எடுத்துக் கொடுத்தான். பேனர் தயாரானது. மேலே கொட்டை எழுத்தில் 'காணவில்லை'. சிங்கம் கர்ஜிக்கும் பின்னணியில் அவன் முழு உயரத்துக்கு நின்றான். கீழே வரிசையாகக் கூட்டாளிகள். செல்வி ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு, பவுடர் அப்பியதுபோல வெளுத்து, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் இருந்தாள். "கொன்னுட்டிய அண்ணாச்சி!" என்று நெகிழ்ந்துபோய் வாங்கிப் போனான்.

பேனர் ஏறியதிலிருந்து அவனுக்கு ஓயாமல் போன். எல்லாம் அவனையே கண்டுபிடித்தவர்கள். "காணாமப் போன கண்ணாடிக்காரரு இங்கன ஒயின்ஷாப்புல நிக்காரு, சீக்கிரம் வாங்க!" மானம் போய் அவனே ஏறிக் கழற்றிவிட்டான்.

"வேணும்னேதான செஞ்சிய?" என்று அண்ணாச்சியைக் கேட்டேன்.

"கடை வழக்கம் டீச்சர்" என்றார், சிரிக்காமல்.

செல்விக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. இப்போது தையல் வேலைக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போகிறாள். லோகோதான் இன்னும் உருப்படவில்லை. போன வாரம் காட்டியதில் ஒரு சிறுத்தை வந்து உட்கார்ந்திருக்கிறது. நல்ல டிசைனராகப் பார்க்கலாம் என்கிறது கமிட்டி. அந்த மனுஷனை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போக எனக்கு மனசு வரவில்லை.